பேச்சு கடைசியில் வரும் ஒரு கேம்: ஸ்கை விமர்சனம்

ஸ்கை: சில்ட்ரன் ஆஃப் தி லைட் கேமில் முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்தால் அவர் எப்படி இருக்கிறார் என்றே நமக்குத் தெரியாது. சாம்பல் நிற நிழல் மாதிரி ஓர் உருவம் நிற்கும், அவ்வளவுதான். என்ன உடை, என்ன முடி, புதியவரா பழையவரா, எதுவும் தெரியாது. நாம் ஒரு மெழுகுவத்தியை எடுத்து அவர் பக்கம் நீட்ட வேண்டும். அவரும் தன்னுடையதை நீட்டிச் சுடரை வாங்கிக்கொண்டால்தான் இருவர் மேலும் நிறம் ஏறும். நீட்டாமல் போய்விட்டால் போகட்டும், யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை. இரண்டு அந்நியர்கள் அறிமுகமாகும் அந்த ஒரு நொடிக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கும் மல்டிபிளேயர் கேம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

செய்தவர்கள் அமெரிக்காவின் தட்கேம்கம்பெனி. 2019 ஜூலையில் ஐபோனுக்கு வந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஐபோன் கேம் என்று ஆப்பிள் இதைத்தான் தேர்ந்தெடுத்தது. 2020இல் ஆண்ட்ராய்டு, அப்புறம் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், 2024இல் கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக வந்தது. எதில் விளையாடினாலும் எல்லோரும் ஒரே உலகத்தில்தான் இருப்போம். டவுன்லோட் இலவசம். மேலங்கி போட்ட ஒரு சிறுவனோ சிறுமியோ நாம். வானத்திலிருந்து விழுந்த நட்சத்திரங்களைத் திரும்ப அவற்றின் இடத்துக்கு அனுப்புவது கதை. துப்பாக்கி இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை, ஜெயிக்க எதிரணி இல்லை. கதையை மட்டும் பார்ப்பதென்றால் சில நாட்களில் முடித்துவிடலாம். முடித்த பிறகும் வருடக்கணக்காக ஆட்கள் ஏன் இங்கேயே இருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த விமர்சனத்தில் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்று புரியாது. எனக்குப் பேச்சு திக்கும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். மைக்கில் பேசி விளையாட வேண்டிய ஷூட்டிங் கேம்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவற்றில் யாரோடும் நிலைத்ததில்லை. "பின்னால் ஆள்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சுற்றே முடிந்துவிடும். மைக்கை அணைத்துவிட்டு விளையாடினால், பேசாத ஆளோடு இரண்டாவது ஆட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். 2019இல் அபெக்ஸ் லெஜண்ட்ஸ் கேமில் வந்த பிங் வசதி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எதிரி எங்கே, எந்த ஆயுதம் எங்கே கிடக்கிறது என்று ஒரு பொத்தானால் காட்டிவிடலாம். வாயைத் திறக்காமலே நல்ல கூட்டாளியாக இருக்க முடிந்தது. ஆனால் ஆட்டம் முடிந்தால் மூன்று பேரும் மூன்று திசை. அந்தக் குறிகளில் வேலையைச் சொல்ல முடியும். "நாளைக்கும் வருகிறீர்களா" என்று கேட்க முடியாது.

ஸ்கையில் பேச்சு கடைசியில்தான் வருகிறது. சுடரைப் பரிமாறிக்கொண்ட பிறகு, பிடித்திருந்தால் ஒருவரை நண்பராக்கலாம். அதற்கு நாம் சேர்த்துவைத்த மெழுகுவத்தி செலவாகும். அந்த இடத்தில் கேம் நம்மிடம் ஒன்று கேட்கிறது: இவருக்கு என்ன பெயர்? எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெயர் யாருக்கும் இங்கே கிடையாது. நாம் அவருக்கு ஒரு பெயர் வைக்கிறோம், அவர் நமக்கு ஒன்று வைக்கிறார். அவர் என்ன வைத்தார் என்பது நமக்குத் தெரியாது. பிறகு இருவருக்கும் நடுவில் மரம் மாதிரி ஒரு கிளைப்படம் விரிகிறது. கைபிடிப்பது, கையோடு கை தட்டுவது, கட்டிப்பிடிப்பது, முதுகில் தூக்கிக்கொள்வது, நண்பர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர்வது என்று ஒவ்வொரு கிளையாகத் திறக்கலாம். தட்டச்சு செய்து பேசும் வசதியும் அதில் ஒரு கிளைதான், கொஞ்சம் தள்ளி இருக்கும். அதையும் மெழுகுவத்தி கொடுத்துத்தான் திறக்க வேண்டும்.

பலருக்கு இது எரிச்சல். பேசுவதற்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எனக்கு இதுவே இந்த கேமின் சிறந்த பகுதி. வாய் பேச்சில் சரளமான ஆளும் நானும் இங்கே ஒரே இடத்தில் தொடங்குகிறோம். முதல் சில வாரங்களுக்கு ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிவது அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது மட்டும்தான். காத்திருப்பாரா, நாம் விழுந்தால் திரும்பிப் பார்ப்பாரா, புதிய ஆள் ஒருவர் தடுமாறினால் நின்று வழி காட்டுவாரா. அந்தத் தகவல் போதும் என்றே நினைக்கிறேன்.

கைபிடிப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் நம் கட்டுப்பாடு அவரிடம் போய்விடுகிறது. அவர் ஓடினால் நாமும் ஓடுவோம், அவர் பறந்தால் நாமும் பறப்போம். போனைக் கீழே வைத்துவிட்டுக்கூடப் போகலாம், அவர் இழுத்துக்கொண்டு போவார். வேண்டாம் என்றால் எந்த நொடியிலும் கையை விடுவிக்கலாம். ஒருவர் பின் ஒருவராகக் கோத்துக்கொண்டு பலர் சங்கிலியாகவும் பறக்கலாம். விளையாட்டில் கட்டுப்பாட்டை இன்னொருவரிடம் கொடுப்பது என்பது யோசித்தால் பெரிய விஷயம். மற்ற கேம்களில் நம் பாத்திரம் நம் கையில் இல்லாமல் போவது தண்டனையாகத்தான் வரும், எதிரி மயக்கிவிட்டால், கட்டிப்போட்டால். இங்கே அதை நாமே விரும்பித் தருகிறோம்.

இன்னொன்று, ஒளி. மேலங்கியில் இருக்கும் ஒளி தீர்ந்தால் பறக்க முடியாது. அதை நிரப்ப நெருப்பு, மேகம் என்று வழிகள் உண்டு. ஆனால் இன்னொரு ஆள் அருகே வந்து நின்றாலே இருவருக்கும் மெல்ல நிரம்பத் தொடங்கும். அந்நியராக இருந்தாலும் நிரம்பும். அதனால் களைத்துப்போன இரண்டு பேர் இயல்பாக ஒருவரையொருவர் நோக்கி நகர்வார்கள்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. இதே நிறுவனம் 2012இல் ஜர்னி என்ற கேமை வெளியிட்டது. அதிலும் வழியில் ஓர் அந்நியர் வந்து சேர்வார். பெயர் கிடையாது, பேச்சு கிடையாது, ஓர் ஒலி எழுப்பலாம், அவ்வளவே. அதை உருவாக்கும்போது முதலில் ஒருவரையொருவர் தள்ள முடிகிற மாதிரி வைத்திருந்தார்களாம். தடையைத் தாண்ட உதவிக்குத் தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தால், சோதனைக்கு விளையாடியவர்கள் கூட வந்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். இயக்குநர் ஜெனோவா சென் இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு உடல் மோதுவதையே எடுத்துவிட்டு, தொட்டால் இருவரின் கழுத்துத்துணியும் ஒளிரும்படி மாற்றினார்கள். அதற்கப்புறம் முன்பின் தெரியாத ஆட்கள் ஒட்டிக்கொண்டே நடந்தார்கள். ஸ்கையை விளையாடும்போது அந்தப் பாடம் எல்லா இடத்திலும் கண்ணில் படுகிறது. "ஆன்லைனில் ஆட்கள் மோசம்" என்று யாராவது சொன்னால் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். அதே ஆட்கள்தான். தள்ளினால் என்ன கிடைக்கும், பக்கத்தில் நின்றால் என்ன கிடைக்கும் என்பதை கேம் செய்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.

என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹிடன் ஃபாரஸ்ட் என்ற காட்டில் மழை பெய்துகொண்டே இருக்கும். மழையில் நின்றால் ஒளி கரைந்துகொண்டே போகும். அங்கே ஒரு மரத்தடியில் ஒளி முழுக்கப் போய் நின்றிருந்தேன். நிழல் உருவம் ஒன்று வந்து பக்கத்தில் நின்று குடையை விரித்தது. மெழுகுவத்தி நீட்டவில்லை, எதுவும் செய்யவில்லை, குடைக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டு நின்றது. என் ஒளி நிரம்பிய பிறகு நான்தான் சுடரை நீட்டினேன். நண்பராக்கியபோது பெயர் கேட்டது, "குடைக்காரர்" என்று போட்டேன்.

அதற்கு அப்புறம் கோல்டன் வேஸ்ட்லேண்ட். பாழடைந்த, பச்சையாக மங்கிய நிலம். அங்கே கிரில் என்று ஒரு ராட்சத உயிரினம் வானத்தில் சுற்றும். அதன் தலையிலிருந்து ஒரு வெளிச்சம் தரையைத் தேடிக்கொண்டே போகும். அது நம் மேல் பட்டுச் சிவப்பானால் பாய்ந்து அடிக்கும். அடித்தால் நாம் சேர்த்த சிறகொளிகள், அதாவது நம் பறக்கும் சக்தியைக் கூட்டும் ஒளிகள், சிதறிப்போகும், உடனே போய்ப் பொறுக்க வேண்டும். புதியவர்கள் கேமை விட்டுவிட்டுப் போகிற இடம் இது. குடைக்காரர் என்னைக் கைபிடித்து அழைத்துப்போய், கிரில் நெருங்கும்போது பெரிய உடைந்த குழாய் ஒன்றுக்குள் உட்கார்ந்தார். வெளிச்சம் கடந்து போனது. திரையைத் தட்டினால் பறவை மாதிரி ஒரு கூவல் வரும். அவர் ஒரு முறை கூவினார், கிளம்பலாம் என்று. அடுத்த முறை ஆபத்து வந்தபோது இரண்டு கூவல். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒன்றென்றால் போகலாம், இரண்டென்றால் நில் என்று ஆகிவிட்டது. இன்று வரை அதுதான் எங்கள் வழக்கம், இப்போது பேச வசதி இருந்தும்.

ஆமாம், பிறகு பேச்சுக் கிளையைத் திறந்தோம். இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், சின்னச் சின்ன வாக்கியங்களாக. அவர் கிட்டத்தட்ட என் அம்மா வயதுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் போனில் போட்டுக்கொடுத்துவிட்டுத் தான் விளையாடுவதை நிறுத்திவிட்டாள், இவர் தொடர்கிறார். இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருந்தால் நாங்கள் இருவரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அவரவர் வழியில் போயிருப்போம் என்பது எனக்கு உறுதி. தெரிய வரும்போது ஏற்கெனவே ஒருவர் பழக்கம் ஒருவருக்கு அத்துப்படி. என் திக்குவாயைப் பற்றி ஒருநாள் எழுதினேன். "சரி" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு, கையைப் பிடித்து அடுத்த மெழுகு இருக்கும் இடத்துக்கு இழுத்துப் போனார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

மெழுகு என்றதும் தினசரி வேலை ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு நிலத்திலும் ஏற்றாமல் கிடக்கும் திரிகளை ஏற்றி மெழுகு சேர்த்தால் அது மெழுகுவத்தியாக மாறும். உடை, முடி, முகமூடி, சைகைகள், இசைக்கருவிகள் எல்லாம் அதைக் கொண்டுதான். இதற்காக ஆட்கள் தினமும் ஒரு சுற்று போவார்கள், கேண்டில் ரன் என்பார்கள். தனியாகப் போனால் சலிப்பான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நட்பு வளர்வது பெரும்பாலும் இந்தச் சுற்றுகளில்தான். எதிரெதிரே உட்கார்ந்து என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. கைக்கு ஒரு வேலை இருக்கிறது, பேச ஏதாவது இருந்தால் பேசலாம், இல்லையென்றால் அடுத்த திரியை ஏற்றலாம். பெரிய சாகசக் காட்சிகளை விட, எத்தனையோ முறை பார்த்துவிட்ட ஒரு குகையில் இரண்டு பேர் சும்மா மெழுகு சேர்த்துக்கொண்டிருந்த நேரங்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

இனி குறைகள். இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த கேமை விரும்புகிறவன் செய்கிற துரோகம் அது.

முதலாவது இதயம். மெழுகுவத்திகளைச் செலவழித்து நண்பருக்கு ஓர் இதயம் அனுப்பலாம், நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது. நல்ல உடைகள் பலவற்றை வாங்க இதயம் வேண்டும். நோக்கம் புரிகிறது, அன்பளிப்பாகக் கிடைக்கும் பொருள் ஒன்று இருக்கட்டும் என்று வைத்தார்கள். நடப்பது பண்டமாற்று. நீ ஒன்று அனுப்பு, நான் ஒன்று அனுப்புகிறேன் என்று முறை வைத்து மாற்றிக்கொள்வதற்காகவே நண்பர்களைச் சேர்க்கிறவர்கள் நிறைய. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, கேம் கேட்கிறது, அவர்கள் செய்கிறார்கள். ஆனால் சேர்ந்து ஓர் அடி நடக்காத ஒருவரும், குழாய்க்குள் என்னோடு ஒளிந்திருந்த ஒருவரும் என் நண்பர் பட்டியலில் ஒரே அளவு நட்சத்திரமாக மின்னுகிறார்கள். அறிமுகத்தை அவ்வளவு நுணுக்கமாகச் செய்த ஒரு கேமிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. சீசன்களும் இதே பக்கம்தான் தள்ளுகின்றன. சில மாதங்களுக்கு ஒரு புதிய சீசன், பணம் கொடுத்தால் கூடுதல் பொருட்களைத் திறக்கும் பாஸ், அந்தக் காலத்துக்குள் சேர்க்காவிட்டால் கை நழுவிப் போகும் உடைகள். அந்த நாட்களில் நண்பரைப் பார்க்கப் போகிறோமா, வருகைப்பதிவு போடப் போகிறோமா என்று தெரியாமல் போகிறது.

இரண்டாவதை இன்னும் பெரியதாக நினைக்கிறேன். இங்கே நட்பு எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில்தான். மூன்று பேர் கூட்டாளிகளாக வேண்டுமென்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிக் கிளைப்படம், தனித்தனியாகத் திறக்க வேண்டும். பழைய பெரிய கேம்களில் கில்ட் இருக்கும், அதாவது சேர்ந்தே விளையாடும் ஒரு நிலையான குழு. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஸ்டார்லைட் என்ற கில்டில் இருந்த நார்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயால் 2014இல் தன் 25ஆவது வயதில் இறந்தார். மகன் தனிமையில் வாழ்ந்தான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் தந்தை அந்தச் செய்தியைப் போட்ட பிறகு, அவரோடு விளையாடியவர்களிடமிருந்து மடல் மேல் மடல் வந்தது. கில்டைச் சேர்ந்த சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச்சடங்குக்கே வந்தார்கள். கில்டில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் "எங்கே அவர்?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். ஸ்கையில் நாளை குடைக்காரர் வருவது நின்றுவிட்டால் நான் யாரிடம் கேட்பேன்? அவருக்கு வேறு நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அவரை வேறு வேறு பெயர்களில் வைத்திருப்பார்கள். அவருடைய நட்சத்திரம் என் பட்டியலில் மங்கலாக இருக்கும், அவர் வேலையாக இருக்கிறாரா, உடம்புக்கு முடியவில்லையா, வேறு கேமுக்குப் போய்விட்டாரா, எதையும் அது சொல்லாது. அப்படி மங்கிப்போன சிலர் ஏற்கெனவே என் பட்டியலில் உண்டு. தினம் ஒரு சிறு ஒளியை அவர்களுக்கு அனுப்ப முடிகிறது, அனுப்புகிறேன். அந்நியர்களைக் கனிவாகச் சேர்த்துவைக்கிற இந்த கேம், சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் தேட ஒரு வழியும் வைக்கவில்லை. செய்கிறவர்கள் இதைச் சரிசெய்ய வேண்டும், ஒரு சீசனைத் தள்ளிவைத்தாவது.

இதனால் நான் ஒன்று செய்தேன், நீங்களும் செய்யுங்கள். நட்பு நிலைத்துவிட்டது என்று தோன்றும்போது, கேமுக்கு வெளியே தொடர்புகொள்ள ஒரு வழியைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. பேச்சில் வடிகட்டி இருக்கிறது, யாரையும் தடுக்கலாம், நட்பிலிருந்து நீக்கலாம், கையை உடனே விடுவிக்கலாம். எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. ஆனாலும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்நியரோடும் தட்டச்சு செய்து பேச முடியும் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

கட்டுப்பாடுகள் பற்றிச் சுருக்கமாக: தொடுதிரையில் பறக்கப் பழகக் கொஞ்சம் நாள் எடுக்கும், கன்ட்ரோலர் இருந்தால் சுலபம். வின்சென்ட் டயமான்டேயின் இசைக்காக ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். நெட் மெதுவாக இருந்தால் கைபிடித்துப் பறக்கும்போது இழுபடும்.

யாருக்கு இது பிடிக்கும்? வேகமும் வெற்றியும் வேண்டுபவர்களுக்குப் பிடிக்காது, இரண்டாம் நாளே தூக்கம் வரும். மைக்கில் பேசக் கூச்சம் உள்ளவர்கள், பேச்சு திக்குகிறவர்கள், காது கேளாதவர்கள், பொது மொழி இல்லாத இரண்டு நண்பர்கள், தூரத்தில் இருக்கும் அண்ணன் தங்கை, இவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்.

தொடங்கினால், மூன்று விஷயம். உதவிக் காணொளிகளைப் பார்க்காமல் போங்கள். வழி தெரியாமல் நிற்கும் புதியவர்களைத் தேடி உதவுவதற்கென்றே பழைய ஆட்கள் சுற்றிக்கொண்டிருப்பார்கள், புதியவர்களை அவர்கள் செல்லமாக விட்டில் என்பார்கள். வழி தெரிந்துவிட்டால் அவர்களைத் தவறவிடுவீர்கள். அடுத்து, டேலைட் ப்ரேரி என்ற நிலத்தில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் திறக்கும் ஒரு கதவு இருக்கிறது. ஆள் சேரும் வரை அங்கே உட்கார்ந்து பாருங்கள். ஆறு பேர் வந்து ஒருவர் பொறுமை இழந்து போய், வேறு இருவர் வந்து, யாரோ யாழை எடுத்து வாசிக்க ஆரம்பித்து, இப்படிப் போகும் அந்த நேரம் கதவுக்குப் பின்னால் இருப்பதை விட நன்றாக இருக்கும். கடைசியாக, சீசன் பாஸை உடனே வாங்காதீர்கள். தினமும் சேர்ந்து போக ஒருவர் கிடைத்த பிறகு, அவரும் வாங்குகிறாரா என்று கேட்டுவிட்டு யோசியுங்கள்.